சான்றிதழ் வந்துவிட்டது, கண்மாய் தெரியவில்லை

கேள்வி: 4 ஆகஸ்ட் 2024

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சுற்றுச்சூழலைக் கண்காணிக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றை ஆறு வாரம் படித்து முடித்தேன். சான்றிதழும் வந்துவிட்டது. அமேசான் காடு அழிவதைப் பார்த்தோம், ஆரல் கடல் வற்றியதைப் பார்த்தோம். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயைத் திறந்தால் பச்சையும் பழுப்புமாக ஏதோ தெரிகிறது. தண்ணீர் எது, கருவேலம் எது என்றே பிடிபடவில்லை. என் கேள்வி ஒன்றுதான். கண்மாயில் ஆண்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா, முடியாதா? முடியாது என்றால் இந்தப் பயிற்சிகளால் நம் ஊருக்கு என்ன பயன்?

5 ஆகஸ்ட் 2024

முடியும். பயிற்சியும் வீண் இல்லை. நான் பரமக்குடிப் பக்கம் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். இதே இடத்தில் மூன்று மாதம் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஆரல் கடல் ஒரு காலத்தில் 68,000 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடந்தது. உங்கள் கண்மாய் ஒரு சதுர கிலோமீட்டர் இருந்தாலே பெரிது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் விடை வரும். இங்கே கரையோரத்தில் ஒரு வரிசைப் பிக்சல் பிசகினாலும் ஏக்கர் கணக்கில் தப்பும். பாடம் ஒன்றுதான், அளவுதான் வேறு.

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது நூறு சதுர மீட்டர். நூறு பிக்சல் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். நூறு ஹெக்டேர்க் கண்மாய்க்குப் பத்தாயிரம் பிக்சல் கிடைக்கும். இது போதும். ஒளியை 13 அலைப்பட்டைகளாகப் பிரித்துப் பதிவதில் நீலம், பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கும் 10 மீட்டரில் வருகின்றன. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை தலைக்கு மேல் போகின்றன. காசு கிடையாது.

தண்ணீர் அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும், இலை அதைத் திருப்பி அடிக்கும். பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு. சுழிக்கு மேலே போனால் பெரும்பாலும் தண்ணீர். 1996-இல் வந்த சூத்திரம், இன்றும் உழைக்கிறது.

முதல் வேலையாகக் கண்மாயின் எல்லையை நீங்களே வரையுங்கள். யாரோ வரைந்து வைத்த கோப்பை எடுக்காதீர்கள். கரை எங்கே வளைகிறது, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு எங்கே இருக்கிறது, வரத்துக்கால் எங்கே வந்து விழுகிறது என்று உங்கள் கை போய்வர வேண்டும். வரைந்து முடிக்கும்போது பாதி குழப்பம் தீர்ந்திருக்கும்.

5 ஆகஸ்ட் 2024, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். பரப்பைக் கணக்கிடும்போது அட்சரேகை தீர்க்கரேகை அளவில் வைத்துக் கணக்கிடாதீர்கள், யுடிஎம் என்ற மீட்டர் அளவுள்ள வரைபட மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 78 பாகைத் தீர்க்கரேகை நம் பக்கம் இரண்டு மண்டலங்களுக்கு எல்லை. திண்டுக்கல் 43-ஆம் மண்டலத்தில் விழும், மதுரை 44-இல். சிவகங்கையும் ராமநாதபுரமும் 44 தான்.

7 ஆகஸ்ட் 2024

எந்தப் பயிற்சி நல்லது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் இணைய வகுப்புகள் நடத்துகிறது. கட்டணம் இல்லை. அடிப்படை அங்கே உறுதியாகக் கிடைக்கும். நாசாவின் ஆர்செட் பயிற்சிகள் 2009 முதல் நடக்கின்றன. பழைய வகுப்புகளின் பதிவும் பயிற்சித் தாளும் அப்படியே இருக்கின்றன, இரவில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். எனக்கு அது பெரிய உதவி. என் பிள்ளை தூங்கிய பிறகுதான் என்னால் படிக்க முடியும்.

பணம் கட்டி ஒரு பயிற்சியும் எடுத்தேன். பெயர் வேண்டாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு திரையின் அமைப்பு மாறியது, நான் கற்றதும் அதோடு போயிற்று. ஏன் கழிக்கிறோம், ஏன் வகுக்கிறோம் என்று சொல்லாத வகுப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

11 ஆகஸ்ட் 2024

இன்று மனம் நிறைந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2021 கடைசியில் எங்கள் ஊரில் கண்மாய் உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பில், இருந்த சீமைக் கருவேலத்தை ஏலம் விட்டு வெட்டினார்கள். அது நடந்தபோது நான் ஊரில் இல்லை. அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு; இலை அடர்ந்தால் கூடும். இப்போது உள்வாய்க்கு மட்டும் அதை 2018-இலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். 2021 முடிய 0.7 பக்கம் நின்ற கோடு 2022 பிப்ரவரியில் 0.45-க்கு இறங்கி, அங்கேயே நிற்கிறது. கத்தியால் வெட்டியதுபோல ஒரு சரிவு. ஊர்க்காரர்களின் உழைப்பு 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தெரிகிறது. இதை அச்செடுத்து பாசன சங்கத்தில் கொடுக்கப் போகிறேன். பக்கத்து ஊர்களும் பார்த்துவிட்டு வெட்டத் தொடங்கட்டும்.

19 ஆகஸ்ட் 2024

மேலே 11-ஆம் தேதி எழுதியதை நம்ப வேண்டாம். அது தவறு.

அச்செடுத்த தாளைக் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயலுக்கு வயல் முறை வைப்பதும் நாற்பது ஆண்டாக அவர்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளே போய்ப் பார்த்தாயா தாயி?" என்று கேட்டார். போகவில்லை. மறுநாள் காலை அழைத்துப் போனார். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற இருபது முப்பது அடி மட்டும் வெட்டியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் ஆள் நுழைய முடியாத காடு. வெட்டிய இடத்திலும் தூரை விட்டுவிட்டதால் ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுக் கொம்பு கிளைத்து என் தோள் உயரத்துக்கு நிற்கிறது.

அப்படியானால் கோடு ஏன் விழுந்தது? இரண்டு இரவு தேடினேன். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூட்டி வைக்கிறார்கள். பயன்படுத்துகிறவர் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான் கழிக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். அடர்ந்த மரத்துக்கு அண்மை அகச்சிவப்பு 3000, சிவப்பு 500 என்று வையுங்கள். 2500-ஐ 3500-ஆல் வகுத்தால் 0.71. இரண்டிலும் ஆயிரம் கூடினால் மேலே அதே 2500, கீழே 5500. விடை 0.45. ஒரு கிளைகூட வெட்டாமல் காடு அழிந்துவிட்டது. 2021 கடைசியில் வெட்டினார்கள் என்று முன்பே கேள்விப்பட்டிருந்ததால், கோடு விழுந்ததும் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அந்தத் தாள் சங்கத்தின் கைக்குப் போயிருந்தால் மிச்சக் காட்டை வெட்டச் சொல்லி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

உங்களிடம் இருக்கும் படம் எந்த வகை என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கும். ஆங்கில 'என்' எழுத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம் வரும். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000-ஐக் கழியுங்கள். எடுத்த தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பழைய படங்களையும் இப்போது புதிய முறையில் திரும்பத் தயாரித்து வெளியிடுகிறார்கள். படங்களை இணையத்திலேயே கணக்கிடும் கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்கிறவர்கள் 'ஹார்மனைஸ்டு' என்று முடியும் தொகுப்பை எடுத்தால் அவர்களே சமன்செய்து வைத்திருப்பார்கள்.

கழித்துவிட்டுப் பார்த்தால் 2022-இல் சிறு பள்ளம், 2023 முடிவதற்குள் பழைய உயரம். சித்தப்பா காட்டிய தூர்க் கொம்புகள் அந்தக் கோட்டில் இருக்கின்றன.

20 ஆகஸ்ட் 2024

நீர்க் குறியீடும் கெடுமா என்று கேட்ட நண்பருக்கு: கெடும், ஆனால் வேறு விதமாக. கழித்தலில் ஆயிரம் அடிபட்டுப் போவதால் கூட்டல் கழித்தல் குறி மாறாது. சுழியை எல்லையாக வைத்தவருக்கு ஒன்றும் ஆகாது. 0.2-ஐ எல்லையாக வைத்தவருக்குத் தண்ணீர் காணாமல் போகும். பச்சை 800, அண்மை அகச்சிவப்பு 400 என்றால் 0.33. ஆயிரம் கூடினால் 0.125. அவர் கண்மாய் வற்றிவிட்டது என்று எழுதுவார்.

29 செப்டம்பர் 2024

ஐப்பசி வரப்போகிறது. மேகத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நம் கண்மாய்கள் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். அப்போதுதான் வானமும் மூடிக் கிடக்கும். சென்டினல்-2 காலை பத்தரை மணி வாக்கில் கடக்கும். அந்த நேரத்தில் மேகம் நின்றால் அடுத்த ஐந்து நாளுக்குக் காத்திருக்க வேண்டும். சில ஆண்டு கார்த்திகை முழுக்க ஒரு நல்ல படம் கிடைக்காது. மேக நிழல் அதைவிட மோசம். நிழல் இருட்டாக இருப்பதால் குறியீடு அதைத் தண்ணீர் என்று எண்ணிவிடும். சென்ற ஆண்டு ஒரு படத்தில் எங்கள் கண்மாய் கரையைத் தாண்டி மேட்டுக்காட்டில் ஏறி நின்றது.

இந்த இடத்தில் கைகொடுப்பது சென்டினல்-1. இது ரேடார். தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும். மேகமும் இரவும் தடை இல்லை. அசையாத தண்ணீரில் பட்ட அலை கண்ணாடியில் பட்டதுபோல் அப்பால் தெறித்துவிடும், கோளுக்குத் திரும்பாது. அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். இரட்டையரில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகிவிட்டதால் இந்த 2024-இல் 12 நாளுக்கு ஒரு படம்தான்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் மேலேயிருந்து பார்க்க ரேடாரை விட்டால் வழி இல்லை.

காற்று அடித்துத் தண்ணீர் சிலிர்த்தால் ரேடாரில் வெளுத்துவிடும், தரை என்று நினைத்துவிடுவீர்கள். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கண்மாய்போலவே கறுப்பாக நிற்கும். எங்கள் பக்கம் காய்ந்த மண்ணிலேயே விதைக்கும் புழுதி விதைப்பு என்பதால் இந்தத் தொல்லை குறைவு. தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

2 அக்டோபர் 2024

நடுவில் ஒருவர் தன் அப்பா காலத்துக் கண்மாயைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையில் 1984-இலிருந்து 30 மீட்டர்ப் படம் இருக்கிறது, 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். எங்கள் பகுதிக்கு நடுவில் சில ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. இருந்தாலும் கருவேலம் வரத்துக்கால் வழியாக நுழைந்து உள்வாயை நிரப்பியது துண்டு துண்டாகவாவது தெரியும். கையில் நேரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள், எழுந்திருக்க மனம் வராது.

24 நவம்பர் 2024

இருபதாம் தேதி ராமேசுவரம், பாம்பன் பக்கம் கொட்டித் தீர்த்தது. ராமேசுவரத்தில் மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல். எங்களுக்கு அவ்வளவு இல்லை, ஆனாலும் வரத்துக்கால் இரண்டு நாள் ஓடியது.

மேகம் சற்று விலகிய ஒரு படம் கிடைத்தது. கணக்குப் போட்டேன். 41 ஹெக்டேர். முழுக் கொள்ளளவில் எங்கள் கண்மாய் 96 ஹெக்டேர் விரியும். பாதிகூட வரவில்லை என்று சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அய்யனார் கோயில் இரண்டாவது படியைத் தொட்டுவிட்டது தாயி. இரண்டாவது படி என்றால் அரைக் கண்மாய்க்கு மேலே. நீ வந்து பார்" என்றார்.

போனேன். கைபேசியில் தடம் பதியவிட்டு நீர் விளிம்பை ஒட்டி நடந்தோம். கரைப் பக்கம் எளிது. உள்வாய்ப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் தண்ணீர் எங்கே முடிகிறது என்று முள்ளை விலக்கி விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கையில் அரிவாள், நான் பின்னால். ஓரிடத்தில் நின்று, "உன் படத்தில் இந்த இடம் என்னவாக இருக்கிறது?" என்றார். பார்த்தேன். அடர் பச்சை. மரம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்பளவு. தலைக்கு மேலே இலை மூடிக் கிடக்கிறது, கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது, அதில் கருவேல நெற்று மிதக்கிறது. "மரத்தடியில் நிற்கிற தண்ணீரை அது எண்ணாதா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

எண்ணாது. மேலேயிருந்து பார்க்கிற கோளுக்கு இலைதான் தெரியும். ரேடாராவது காட்டுமா என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். தண்ணீரில் தெறித்த அலை அடிமரத்தில் பட்டுத் திரும்பினால் அந்த இடம் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிய வேண்டும். ஓரத்தில் மரம் கலைந்திருக்கும் இடங்களில் அப்படித் தெரிகிறது. நடுக்காட்டில் இல்லை. சென்டினல்-1 அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர்தான், அவ்வளவு அடர்ந்த தழையைத் தாண்டி அது இறங்குவதில்லை.

நடந்து அளந்தது 58 ஹெக்டேர். படம் சொன்னது 41. நடுவில் இருக்கும் 17 ஹெக்டேர், நாற்பது ஏக்கருக்கு மேல், கருவேலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆகஸ்டில் பசுமைக் கோட்டில் ஏமாந்ததும் இந்த மரத்தைப் பற்றித்தான், இப்போது தண்ணீரைத் தவறவிட்டதும் இந்த மரத்தால்தான். இனி எங்கள் கண்மாய்க்கு எந்த எண்ணைச் சொன்னாலும், "திறந்த நீர்ப்பரப்பு" என்று சேர்த்துச் சொல்வேன்.

26 நவம்பர் 2024

எத்தனை கன அடி என்று கேட்பவர்களுக்கு: படம் பரப்பைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. வண்டல் மேடிட்ட கண்மாயில் அதே பரப்பு பாதித் தண்ணீரைத்தான் பிடிக்கும். நாங்கள் இப்போது கோயில் படியைக் கணக்கு வைக்கிறோம். படம் வரும் நாளில் எந்தப் படியில் தண்ணீர் என்று சித்தப்பா சொல்ல, நான் பரப்புக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். இரண்டு பருவம் சேர்ந்தால் படியை வைத்துப் பரப்பையும், பரப்பை வைத்துப் படியையும் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. முதல் மழைத் தண்ணீர் செம்மண் கலங்கி வரும். கலங்கல் தண்ணீர் அண்மை அகச்சிவப்பைக் கொஞ்சம் திருப்பி அனுப்புவதால் வழக்கமான சூத்திரம் விளிம்பில் தடுமாறும். அண்மை அகச்சிவப்புக்குப் பதிலாக, அதைவிட அலை நீண்ட குற்றலை அகச்சிவப்பைப் போட்டால் பிடித்துவிடும். ஆனால் அது 20 மீட்டர்ப் பட்டை. வரத்துக்கால் போன்ற மெல்லிய இடங்கள் தெரியாமல் போகும்.

12 ஜனவரி 2025

விடுமுறையில் பதினோரு பேருக்கு வகுப்பு எடுத்தேன். ஒன்பது பேர் என் மாணவர்கள், இரண்டு பேர் அவர்களுடைய அம்மாக்கள். கணினி ஒன்றுதான்.

கணினியைத் திறக்குமுன் ஆளுக்கொரு தாள் கொடுத்து, கண்மாயை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். பிள்ளைகள் கரையையும் கோயிலையும் வரைந்தார்கள். அந்த இரண்டு அம்மாக்களில் ஒருவர், நூறுநாள் வேலையில் உள்வாயில் மண் வெட்டியவர், தாளின் நடுவில் நீளமாக ஒரு பள்ளத்தை வரைந்தார். "கடைசித் தண்ணீர் இங்கேதான் கிடக்கும், மாசியில் இங்கேதான் மீன் பிடிப்பார்கள்" என்றார். பிறகு சென்ற ஆண்டு மாசிப் படத்தைத் திறந்தேன். அதே இடத்தில், அதே வளைவோடு, கருநீலமாக ஒரு கீற்று. அறையில் யாரும் பேசவில்லை. அவர் திரைக்குக் கிட்டே வந்து அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

தமிழில் இந்தப் பாடம் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். ஆர்செட் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் நடக்கிறது, டேராடூன் வகுப்பு ஆங்கிலத்தில். உள்வாயின் பள்ளம் மேடெல்லாம் தெரிந்த அந்த அம்மா இரண்டிலும் உட்கார முடியாது. தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஊருக்கு ஒருவர் தமிழில் கற்றுக்கொண்டு ஊரில் இருந்தபடியே பார்த்தால் போதும்.

13 ஜனவரி 2025

சென்டினல்-1 பற்றி செப்டம்பரில் எழுதியதில் ஒரு சேர்க்கை. பழுதானதற்குப் பதிலாகப் புதிய கோள் டிசம்பர் 5 அன்று ஏவப்பட்டிருக்கிறது. அது முழுமையாக வேலைக்கு வந்துவிட்டால் ரேடார்ப் படங்களுக்கு இடையிலான பன்னிரண்டு நாள் இடைவெளி குறையும். அடுத்த ஐப்பசிக்கு உதவும்.

2 மார்ச் 2025

தொடக்கத்தில் கேள்வி கேட்ட சிவகங்கை நண்பர் தன் கண்மாயின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். கரையைத் தானே வரைந்திருக்கிறார், ஆயிரத்தைக் கழித்திருக்கிறார், மேக நிழல் விழுந்த இரண்டு படங்களை ஒதுக்கியிருக்கிறார். எனக்குப் பிடித்தது, கருவேலம் இருக்கும் இடத்தைத் தனியாகக் கோடிட்டு, "இங்கே நடந்து பார்க்க வேண்டும்" என்று எழுதியிருப்பதுதான்.

அவர் ஆகஸ்டில் கேட்ட கேள்விக்கு எங்கள் கண்மாயின் விடை: நடுப்பள்ளத்தில் கடைசியாகக் கிடப்பதைச் சேர்க்காமல், திறந்த நீர்ப்பரப்பு நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை, ஏறக்குறைய 115 நாள். இரு முனையிலும் ஐந்தாறு நாள் முன்பின் இருக்கலாம், படத்துக்குப் படம் அவ்வளவு இடைவெளி. நெல் தையில் அறுத்தாயிற்று. மிளகாய்க்கு இரண்டு தண்ணீர் எடுத்துவிட்டார்கள், மூன்றாவது தண்ணீருக்குக் கேட்கிறார்கள். கோயில் படியில் இப்போது தண்ணீர் இல்லை. அந்த அம்மா வரைந்த பள்ளத்தில் மட்டும் கிடக்கிறது. நேற்றைய கணக்கில் மூன்றரை ஹெக்டேர்.

காட்டுக்குள் இன்னும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கச் சித்தப்பா நாளைக் காலை போகிறார். நானும் போகிறேன். அளந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.